எடுத்துக்கொள்ளும் பொருளும் எதிர்நிற்கும் கருத்தும்

தம் கருத்தைப் பிறர் ஏற்குமாறு அவையில் எடுத்துரைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல்லைச் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் காண்கிறோம். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆயினும் நம் மாணவர்கள் வாதக் கட்டுரை எழுதும்போதும் சொற்போர் மேடை ஏறும்போதும் தொடக்கத்திலேயே இடறுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அவர்கள் இடறுமிடம் தலைப்பைத் தெரிவு செய்யும் இடமே.

'தமிழின் இனிமை' என்று ஒரு மாணவர் பேசுகிறார். அவையில் இருப்போர் அனைவரும் தமிழார்வலர்கள். தமிழ் இனிதன்று என்பார் அங்கு ஒருவரும் இலர். எனின், அம்மாணவர் யாரை இணங்க வைக்கிறார்? அது வாழ்த்துரையாகலாம், வாதவுரையாகாது.

இவ்வேறுபாட்டை அறிய நன்னூல் நமக்குத் துணை நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நூலாசிரியர் மேற்கொள்ளும் நிலைப்பாடுகளை 'மதம்' எனப் பெயரிட்டு ஏழாக வகுக்கிறார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றம் காட்டுதல், பிறர் கருத்தைச் சாராது தம் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. இவ்வேழனுள் பெரும்பாலானவை மற்றொரு கருத்து இருப்பதை முன்வைத்தே அமைந்துள்ளன. ஆகவே, மாற்றுக் கருத்துக்கு இடமில்லாத தலைப்பில் வாதத்திற்கும் இடமில்லை எனக் கொள்ளலாம்.

தலைப்பைத் தெரிவு செய்யும் மாணவர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வது நன்று. நன்கு சிந்திக்கும் ஒருவர் இதனை மறுக்கக்கூடுமா? கேட்போர் நம் கருத்தை ஏற்றால் அவர்கள் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா? இதற்குரிய சான்றுகளை நாமே திரட்ட இயலுமா?

நம் சிங்கப்பூர்ச் சூழலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'தாய்மொழியைக் காப்போம்' என்பது மிக விரிந்த தலைப்பு. அதனைச் சுருக்கி, 'தொடக்கநிலை முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழ் வகுப்புப் பேச்சுத்தமிழிலேயே நடைபெறுதல் வேண்டும்' என அமைத்துப் பார்ப்போம். உடனே எதிர்க்கருத்து எழுகிறது. 'வர்றாங்க' எனப் பழகிய குழந்தை 'வருகிறார்கள்' என எழுதத் தடுமாறாதா என்பார் ஒருவர். வீட்டில் தமிழே கேளாத குழந்தைக்கு முதலில் உரையாடும் மொழியன்றோ வேண்டும் என்பார் மற்றொருவர். இருவரும் தமிழ்ப்பற்று மிக்கவர்களே. சான்றுகளும் எட்டும் தொலைவில் உள்ளன. 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு தரமான பேச்சுத்தமிழை வகுப்பறையில் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவற்றோடு தம் வகுப்புத் தோழர்கள் வீட்டில் எம்மொழியில் பேசுகின்றனர் என்பதையும் மாணவர் கேட்டறியலாம். மேலும், இவ்வாதத்தை ஏற்கும் ஆசிரியர் மறுநாளே தம் வகுப்பில் ஒரு மாற்றம் செய்யலாம். ஏற்கும் பெற்றோர் அன்றிரவே உணவு மேசையில் தமிழில் பேசத் தொடங்கலாம்.

இங்கு நம் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்னொரு பேச்சுப்போட்டியில் நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். ஒரு மாணவி ஏறத்தாழ இதே பொருளை எடுத்துக்கொண்டு, இடையிடையே சற்றுத் தடுமாறியபடி பேசினார். எழுத்துத்தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த தம் தம்பி, பாட்டியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நின்றதை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேசியவர் தமிழின் தொன்மையைத் தங்குதடையின்றி முழங்கினார். நாம் முதற்பரிசை முழங்கியவருக்கே அளித்தோம். வீடு திரும்பும் வழியில் நம் நினைவில் நின்றது அந்தத் தம்பிதான். அன்றுவரை வகுப்பறையில் பேச்சுத்தமிழ் கூடாது என்றிருந்த நாம், அதன்பின் அக்கருத்தை மறுஆய்வு செய்யலானோம். நம் மனத்தை அசைத்தவருக்கு நாம் புள்ளிகளைக் குறைத்தது இன்றும் உறுத்துகிறது.

ஆசிரியர்கள் தலைப்புகளின் பட்டியலைக் கொடுப்பதற்கு மாறாக, மாணவர்களிடம் ஒன்று கேட்கலாம்: 'உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ யாருடைய மனத்தை மாற்ற விரும்புகிறீர்கள்?' அவ்வினாவுக்கு விடை கிடைப்பின் தலைப்பும் கிடைத்துவிடும். அதன்பின், அந்த ஒருவர் என்ன மறுமொழி சொல்வார் என்பதை முதலில் எழுதச் செய்க. அம்மறுமொழி வலுவுடையதாயின் தலைப்பும் வலுவுடையது.