மோடமும் அம்மாவின் எஸ்.டி.டி.யும்

கணிப்பொறிக்கும் கும்பகோணத்துக்கும் வீட்டில் ஒரே தொலைபேசி! தொண்ணூறுகளின் கடைசியில் தில்லியில் குடியிருந்த நம்மவர் பலருக்கு இந்தச் சங்கடம் நினைவிருக்கும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்புக் கிடைக்கும். வேலை முடிந்தும் துண்டிக்காவிட்டால் காசு கட்டி வாங்கிய மணிகள் கரையும். டெலிபோன் பில் ஏறும். அது போகட்டும். கட்டணம் குறையும் இரவு வேளைக்காகக் காத்திருந்து பூத்திலிருந்து அம்மா கூப்பிட்டால், 'எங்கேஜ்டு' சத்தம்தான் கேட்கும்.

1999-ல் எங்கள் கரோல் பாக் வீட்டுக் கணிப்பொறியில் மகன் லினக்ஸ் போட்டிருந்தான். அதில் இணைப்பைக் கவனிப்பது 'பிபிபிடி' என்ற நிரல். அதன் ஆப்ஷன்ஸ் கோப்பில் 'ஐடில் 300' என்று ஒரு வரி எழுதினால், 300 வினாடி தகவல் போக்குவரத்து இல்லாதபோது இணைப்பு தானே அறுந்துவிடும். எழுதினான். அறுந்தால்தானே!

காரணம், கடிதங்களைக் கொண்டுவரும் 'ஃபெட்ச்மெயில்'. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது தபால் உண்டா என்று போய்க் கேட்கும். ஐடில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். இடைவெளியைப் பதினைந்து நிமிடமாக்கினோம். இணைப்பு அறுந்தது, ஆனால் 'டிமாண்ட்' என்ற வரியும் கோப்பில் இருந்ததால், ஃபெட்ச்மெயில் தட்டும்போதெல்லாம் மோடம் தானாகவே டயல் செய்தது. நள்ளிரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு என் மனைவி திருடன் என்றே நினைத்தாள்.

முடிவில் ஃபெட்ச்மெயிலின் காவல் வேலையை நிறுத்தி, இணைப்புக் கிடைத்தவுடன் ஓடும் 'ஐபி-அப்' கோப்பில் ஒரே ஒருமுறை ஓடும்படி வைத்தான். மேலும் யார் கம்பியைத் தொடுகிறார்கள் என்று 'டிசிபிடம்ப்' காட்டிக்கொடுக்கும். பின்னால் வந்த லினக்ஸ் 2.4-ல் 'ஆக்டிவ்-ஃபில்டர்' வசதியும் சேர்ந்தது. எந்தப் போக்குவரத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று நாமே சொல்லிவிடலாம்.

வினாடியை அறுபதாகக் குறைக்கச் சொன்ன நண்பர்களும் உண்டு. நீண்ட கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அறுந்து, அடுத்ததற்கு மறுபடி டயல் செய்து, புதிய அழைப்புக்குப் பணம் அழுவானேன்? என் கட்சி 300-தான்.

பிபிபிடி இன்னும் ஓய்வு பெறவில்லை. பி.பி.பி.ஓ.இ. வகை பிராட்பேண்ட் இணைப்புகளுக்கு லினக்ஸில் இன்றும் அது பயன்படுகிறது. ஐடில் வசதியும் இருக்கிறது; நேரத்துக்குக் கட்டணம் இல்லாத இணைப்பில் அந்த வரியை எழுதாமல் விடுவதே நல்லது.