கற்றோரை இழக்கலாமா?

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிமாநகரம் ஒரு காலத்தில் கல்விக்கும் பெயர் பெற்றிருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் மயூரசர்மர் என்பார் வேதங்களைக் கற்ற பின்னும் திருப்தியடையாது, மேற்கல்வியின் பொருட்டுக் காஞ்சிக் கடிகையை நாடி வந்தார் என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு சச்சரவு நேர்ந்தது. அவமதிப்புப் பொறாத அந்த மாணாக்கர் ஏட்டை விட்டு வாளை எடுத்தார். கடம்ப ராஜ்யத்தை ஸ்தாபித்தார். கற்றவரைப் பேணத் தவறிய அரசு அவரை இழந்தது, பகையையும் தேடிக்கொண்டது.

இன்றைய மயூரசர்மர்கள் யார்? விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றும், நிலையான உத்தியோகம் கிட்டாமல், மேல் ஆராய்ச்சிக்கு இடம் தேடும் யுவர்களும் யுவதிகளுமே. தறியில் தொழில் பழகி முடித்தவன் சொந்தத் தறி போடும்வரை படும் பாட்டைக் காஞ்சிவாசிகளுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளருக்கும் அத்தகைய காலம் உண்டு. அதில்தான் விஞ்ஞானி உருவாகிறான், அல்லது அழிகிறான்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவில் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் ஜீவ விஞ்ஞானத்துக்கு மாறினார். யேல் சர்வகலாசாலையில் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே தொடங்கிய ரைபோசோம் ஆராய்ச்சியே 2009-இல் நோபல் பரிசில் முடிந்தது. அந்த இடத்தை அளித்தது அந்நிய நாடு.

நம் நாட்டால் இயலாதென்பதில்லை. 1952-இல் ஜி. என். ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுதான். சென்னைச் சர்வகலாசாலை அவரை நம்பிப் பௌதிகப் பகுதியை ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை உலகுக்கு அறிவித்தனர்.

இன்று வழிகள் இல்லாமலில்லை. தேசிய ஆராய்ச்சி நிதியம் பட்டம் பெற்றோருக்கு இரண்டாண்டு உபகாரச் சம்பளம் அளிக்கிறது. உயிர்த்தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறநிதியும் 2008-இல் கூட்டாக நிறுவிய இந்தியா அலையன்ஸ், வைத்திய ஆராய்ச்சியாளருக்குப் பொருள் உதவுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி பெயரால் ஓர் உதவி உண்டு.

ஆயினும் அறிவிப்பு வேறு, அனுபவம் வேறு. உபகாரச் சம்பளம் காலத்தில் வருவதில்லையென்ற முறையீடு ஓயவில்லை. கூலி மாதக்கணக்கில் நின்றால் எந்த நெசவாளி தறியில் அமர்வான்? விவாகமும் மகப்பேறும் நேரும் பருவமும் இதுவே. ஆகையால் பெண்மக்கள் இரட்டைப் பாரம் சுமக்கின்றனர்.

சர்க்கார் செய்ய வேண்டுவது மூன்று: சம்பளம் மாதந்தவறாமல் சேர வேண்டும், இரண்டாண்டுக் காலம் நீள வேண்டும், அதன் முடிவில் தகுதியுடையோருக்கு உத்தியோகம் காத்திருக்க வேண்டும். இவற்றைச் சட்டசபையிலும் பொதுமேடையிலும் வற்புறுத்துவது தேசத்தொண்டர்களின் கடமை. பல்லவர் செய்த பிழையை நாமும் செய்யலாகாது.