ஒரே ஓவியம், இரண்டு குடும்பங்கள்

முன்பின் அறியாத ஒருவரைச் சந்திக்க நாம் வெறும் மனத்தோடு போவதில்லை. 'இவர் இப்படித்தான் இருப்பார்' என்ற ஒரு கற்பனையோடுதான் போகிறோம். அந்தக் கற்பனையில் பெரும்பாலும் இருப்பது அவரல்ல, நாமே.

1605-ஆம் ஆண்டு. சீனாவின் பெய்ஜிங் நகரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சியைத் தேடி, ஆய் தியன் என்பவர் வந்தார். அரசுப் பதவி தொடர்பாகத் தலைநகர் வந்திருந்த அவர், கைஃபெங் நகரில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரே கடவுளை வணங்கும் அந்நியர்கள், ஆனால் இஸ்லாமியர் அல்லர் என்று அறிந்ததும், 'இவர்கள் நம்மவர்கள்' என்று முடிவுசெய்துவிட்டார். ரிச்சியோ, சீனாவின் பழங்காலக் கிறிஸ்தவர்களின் வழிவந்த ஒருவர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தார்.

சிற்றாலயத்தில் அன்னை மரியா, குழந்தை இயேசு, சிறுவர் திருமுழுக்கு யோவான் ஆகியோரின் ஓவியம் இருந்தது. ரிச்சி அதன்முன் மண்டியிட்டார். ஆய் தியனும் வணங்கினார். ஆனால் அவர் கண்டது ரெபேக்காவையும், அவருடைய மகன்கள் யாக்கோபையும் ஏசாவையும்! நற்செய்தியாளர் நால்வரின் படங்களைப் பார்த்து, இவர்கள் அந்தப் பன்னிருவரில் சிலரா என்று கேட்டார். ரிச்சி ஆம் என்றார். ஒருவர் நினைத்தது யாக்கோபின் பன்னிரு புதல்வரை. மற்றவர் நினைத்தது பன்னிரு திருத்தூதரை.

பேசப்பேசத்தான் உண்மை தெளிந்தது. ரிச்சி எபிரேய விவிலியத்தைக் காட்டியபோது, ஆய் தியனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் அவை தம் முன்னோரின் எழுத்துகள் என்று கண்டுகொண்டார்.

அன்பர்களே, இருவரின் கற்பனையும் தவறியது. ஆயினும் அதுதான் இருவரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்தது. 'இவர் நம் உறவினர்' என்று எண்ணியதால் கதவு திறந்தது; பொறுமையாகக் கேட்டதால் உண்மை வெளிப்பட்டது.

நற்செய்தியில் நத்தனியேலும் நாசரேத்தைப் பற்றி ஒரு தாழ்வான கற்பனை வைத்திருந்தார். பிலிப்பு அவரோடு வாதிடவில்லை. நேரில் வந்து பார்க்க அழைத்தார். நத்தனியேலும் எழுந்து போனார், இறைமகனைக் கண்டுகொண்டார்.

வேற்றுமொழி பேசும் ஒருவர் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும்போது, நம் மனம் வரையும் படம் எது? அந்நியர் என்றா, உறவினர் என்றா? உறவினராகவே அவரை எண்ணுவோம். பிறகு, அவர் உண்மையில் யார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிவோம்.