டார்ஸியின் முதுகு

1940 ஜனவரியில் டாமி டார்ஸியின் இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்தார் ஃப்ராங்க் சினாட்ரா. டார்ஸி டிராம்போனில் நீண்ட வரிகளை அறுபடாமல் வாசிப்பார். மனிதர் எப்போது மூச்சு வாங்குகிறார்? பின்னாலிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த சினாட்ராவுக்குக் கோட்டு அசைந்ததுகூடத் தெரியவில்லை. வாயோரத்தில் ஊசித்துளை அளவு இடைவெளி விட்டு அதன் வழியே காற்றை இழுத்துக்கொள்கிறார் என்பது பிறகுதான் பிடிபட்டது. சினாட்ரா தண்ணீருக்கடியில் நீந்தியும் ஓடியும் தன் மூச்சைப் பழக்கினார்.

பித்தளை வாத்தியத்திடம் பாடகர் வாங்கிய கடன் அது. வாத்தியக்காரர்கள் அதை வட்டியோடு திரும்பப் பெறலாம்.

பெரிய நுரையீரல் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் நுரையீரல் கொள்ளளவு சராசரிக்கும் குறைவு. ஆனால் அமெரிக்கப் பித்தளை வாத்தியக்காரர்கள் மூச்சு கற்கத் தேடிப்போனது அவரைத்தான். பாட்டை மனதுக்குள் பாடு, காற்றை ஓடவிடு. அவர் போதனையின் சாரம் இவ்வளவே.

சூட்சுமம் விலாக்கூட்டில் இருக்கிறது. மூச்சை நிறைய இழுத்ததும், விரிந்த நுரையீரலும் விலாக்கூடும் தாமாகவே சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம் மட்டுமே சுமார் 30 சென்டிமீட்டர் உயர நீருக்குச் சமமான அழுத்தம் தரும். மென்மையாகப் பாட 5 முதல் 10 போதும். எனவே வரியின் தொடக்கத்தில் பாடகருக்குத் தள்ளும் வேலையே இல்லை, தடுக்கும் வேலைதான். மூச்சை இழுத்த அதே தசைகள் விலாவை விரித்தபடி பிடித்துக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. காற்று குறையக் குறைய வயிற்றுத் தசைகள் பொறுப்பேற்கின்றன. இந்தக் கைமாற்றம் காதுக்குத் தெரியக் கூடாது.

ட்ரம்பெட்டின் உச்ச ஸ்தாயி முழக்கத்துக்கு இது பொருந்தாது. அங்கே 100 சென்டிமீட்டருக்கு மேலும் அழுத்தம் வேண்டும், எடுத்த எடுப்பிலேயே தள்ளியாக வேண்டும். தாழ்ந்த குரலில் போகும் மென்மையான வரிகளில்தான் வாத்தியக்காரர் ஏமாறுகிறார். முதல் இரண்டு ஸ்வரங்களிலேயே பாதிக் காற்றைக் கொட்டிவிட்டு, முடிவில் திணறுகிறார். உதரவிதானத்தால் தள்ளு என்று ஆசிரியர்கள் சொல்வதும் உதவாது. உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை, தள்ளத் தெரியாதது.

தொண்டையிலும் பாடம் உண்டு. வாத்தியத்தில் உதடுதான் அதிர்கிறது, தொண்டை வெறும் வழி. ஆனாலும் பலர் மூச்சை இழுத்ததும் தம் கட்டி ஒரு கணம் நிற்கிறார்கள். குரல்வளை பூட்டிக்கொள்கிறது, முதல் ஸ்வரம் ஒன்று சிக்கும், இல்லை வெடிக்கும். நல்ல பாடகரிடம் அந்த நிறுத்தம் கிடையாது. உள்ளே போன மூச்சு திரும்பும் இடத்திலேயே ஒலி பிறந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எங்கே மூச்சு வாங்குவது என்பது. பாடகர் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்க மாட்டார், பொருள் தடுக்கும். ஊதுபவருக்குச் சொல் இல்லாததால் காற்று தீர்ந்த இடத்தில் வரி உடைகிறது. சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் (உலோகத்தில் செய்தாலும் அது மரக்குழல் வகைதான்) வாசிக்கும் பாட்டின் வரிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இங்கே உதவும். 1954இல் வந்த ‘செட் பேக்கர் சிங்ஸ்’ இசைத்தட்டில் ஒரே மனிதர் பாடுகிறார், ட்ரம்பெட்டும் வாசிக்கிறார். ஒரு பாட்டை எடுத்து, அவர் குரல் மூச்சுக்கு நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதே இடங்களில் மட்டும் மூச்சு வாங்கி ஊதிப் பார்க்கலாம். முதலில் காற்று போதாது. தொடக்கத்தில் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பது அப்போது தெரியும்.