சிகரெட்டை விட 'நிகோடின் பை' உதவுமா?

ஒரு கையில் பை-டூ காபி, மறு கையில் சிகரெட். சிவாஜி நகரிலும் பீனியாவிலும் ஷிப்டுக்குப் போகுமுன் பலருக்கு இதுதான் காலை ஆகாரம்.

சிகரெட்டைக் குறைக்க இப்போது 'நிகோடின் பை' பற்றிப் பேச்சு அடிபடுகிறது. தேயிலைப் பை போன்ற குட்டிப் பை அது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ள வேண்டும். புகையிலைத் தூள் கிடையாது, நிகோடின் உண்டு. அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் இத்தகைய 20 சரக்குகளை விற்க அனுமதித்தது. மருந்தாக அல்ல!

ஏமாற வேண்டாம்

பெட்டிக் கடையில் கிடைக்கும் 'கூல் லிப்' பார்வைக்கு இதே மாதிரிதான். உள்ளே இருப்பதோ புகையிலை. நாடெங்கும் அதை ஏன் தடை செய்யக்கூடாது என்று 2024-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை கேட்டது. சிகரெட்டை விட்டு அதைப் பிடிப்பது, கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதைதான். வாய்ப் புற்றுநோய் வரும்.

மாலுமிகள் காட்டிய வழி

டாக்டர்கள் நம்புவது நிகோடின் கம்மை. சுவீடன் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்க முடியாத மாலுமிகள், வாயில் புகையிலையை அடக்கித் தவிப்பைத் தணித்துக்கொண்டார்கள். 1967-ல் இதைக் கேள்விப்பட்ட விஞ்ஞானி ஓவே பெர்னோ, பின்னர் கம்மை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

2 மில்லிகிராம் கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் சிகரெட் தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். மிட்டாய் போல மெல்லக்கூடாது. சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே போட வேண்டும். பெங்களூர்வாசிக்கு அதுதான் சிரமம்!

ஒன்றே ஒன்று?

"10 பிடித்தேன், 1 ஆக்கிவிட்டேன்" என்பவர் கவனிக்க வேண்டும். 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின்படி, தினம் 20 சிகரெட் பிடிப்பதால் ஆண்களுக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் சுமார் பாதி, ஒரே ஒரு சிகரெட்டிலும் உண்டு. குறைப்பது முதல் படி. அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

தமிழிலேயே பேசலாம்

சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற எண் அச்சாகியிருக்கிறது. கட்டணம் இல்லை. தென் மாநிலத்தவரின் அழைப்புகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மையம் கவனிக்கிறது. கன்னடம் தெரியாதே என்ற கவலை வேண்டாம், தமிழில் பேசுகிறார்கள். விடும் தேதியைக் குறிக்க உதவி, பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கம் போடுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.