வளியை நிறுக்கும் கருவி

வளியின்றி உயிரில்லை, வளியின்றி எரியுமில்லை. இவ்வுண்மையை அடுப்பூதும் தாய்மார் அறிவர். உலைத்துருத்தி இயக்கும் கொல்லரும் அறிவர். மோட்டார் வண்டியின் இயந்திரமும் ஓர் உலையே. 1 கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் வளி வேண்டும். டீசல் இயந்திரமோ தன் தேவைக்கும் மிகையான வளியை உட்கொண்டே இயங்குவது. உட்செல்லும் வளியை அளந்து கூறும் சிறு கருவிக்கு வளியோட்ட உணரி என்று பெயர். அது பழுதுற்றால் வீட்டு முற்றத்திலேயே மாற்றும் வகையை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

நாம் தமிழாசிரியர், பொறியியல் வல்லுநர் அல்லோம். ஆயினும் இதனை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நம்மிடம் கற்ற பழைய மாணவர் ஒருவர், கண்டியிலிருந்து உரமூடை ஏற்றிச் சென்று, நுவரெலியாவிலிருந்து மரக்கறி கொணர்ந்து குடும்பம் நடத்துபவர். அவருடைய பழைய டீசல் பிக்கப் கம்பளையும் புசல்லாவையும் கடந்து ரம்பொடை ஏற்றத்தை அடைந்ததும் மூச்சு வாங்கலாயிற்று. எரிபொருட் பம்பையே மாற்ற வேண்டும் என்றது ஒரு வேலைத்தலம். அதற்குரிய பணமோ மகளின் படிப்புக்கெனச் சேர்த்து வைத்த பணம். வண்டியை விற்றுவிடலாம் என்றாலும் வேறொன்று வாங்குதல் எளிதன்று. வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. இந்நிலையிலே ஒரு போயா விடுமுறை நாளில் அவரும் நாமும் வண்டியின் மூடியைத் திறந்தோம்.

முதலில் இக்கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். வளிவடிகட்டிப் பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள குழாயில் இது பொருத்தப்பட்டிருக்கும். இதனுள்ளே மயிரிழை போன்ற கம்பியோ மெல்லிய தகடோ மின்னோட்டத்தாற் சூடேற்றப்படுகின்றது. மேலே செல்லும் வளி அதனைக் குளிர்விக்கும். குறித்த சூட்டைக் காப்பதற்கு மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்ட நேர்ந்தது என்பதிலிருந்து எவ்வளவு வளி சென்றது என்பது புலனாகும். சூடான கம்பி வீசும் காற்றில் இழக்கும் வெப்பத்தை எல். வி. கிங் என்னும் அறிஞர் 1914 இல் விதியாக வகுத்தார். அவ்விதி 1980களில் மோட்டார் வண்டிகளிற் பயன்பாட்டுக்கு வந்தது.

நம் முன்னோர் காற்றினைத் திசைபற்றித் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனப் பகுத்தனர். இக்கருவியோ காற்றினை எடைபற்றி அறிகின்றது. மலைநாட்டவர்க்கு இவ்வெடையே முக்கியம். கடல்மட்டத்து வளியோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அதன் அடர்த்தி இருபதில் ஒரு பங்கு குறையும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறையும். உணரி இதனை உள்ளவாறு உரைத்தால் இயந்திரத்தின் கணினி எரிபொருளை அதற்கேற்ப அளந்துவிடும். தூசி படிந்த உணரி வளியைக் குறைத்துக் கூறும். கணினியும் அதனை நம்பி, கரும்புகை எழாதிருக்க எரிபொருளைக் குறைக்கும். வண்டி ஏற்றத்திலே தளரும். பம்பில் யாதொரு குற்றமும் இராது.

ஆதலின் மாற்றுமுன் ஆராய்தல் வேண்டும். வளிவடிகட்டி அடைபட்டுள்ளதா, இறப்பர்க் குழாய் வெடித்துள்ளதா, பிணைப்பு வளையம் தளர்ந்துள்ளதா, மின்னிணைப்பிற் பச்சைக் களிம்பு ஏறியுள்ளதா என நோக்குக. குறிவாசிக்கும் கருவி கிடைப்பின் பி 0100 முதல் பி 0104 வரையான குறிகள் இவ்வுணரிச் சுற்றைச் சுட்டும். ஆனால் குறி நோயின் இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. பின்னர் உணரிக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தைத் தெளித்து, நன்கு உலரவிட்டுப் பார்க்கலாம். துணியாலோ விரலாலோ கம்பியைத் தொடலாகாது. பிறேக் துப்புரவுத் திரவமும் ஆகாது. நாம் இவ்வாறு செய்தபோது வண்டி ஒரு வாரம் நன்கு ஓடிற்று. பின் பழைய தளர்ச்சி மீண்டது. எனவே புதிய உணரி வாங்கத் துணிந்தோம். பழைய உணரியிற் பொறித்துள்ள இலக்கமும் புதியதன் இலக்கமும் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

இனி மாற்றும் முறை. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுக. சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றுக. உணரியின் மின்னிணைப்பைப் பூட்டுநாக்கை அழுத்தி விடுவிக்க. வயரைப் பிடித்து இழுத்தல் தவறு. பொதுவாக இரண்டு திருகாணிகளே அதனைத் தாங்கி நிற்கும். அவற்றைக் கழற்றி, உணரியைச் சாய்க்காது நேரே வெளியே எடுக்க. திறந்த வாயினுள் திருகாணியோ தூசியோ விழாதிருத்தல் வேண்டும். விழின் கேடு பெரிது. புதிய உணரியின் இறப்பர் வளையம் முறுகாமலிருப்பதையும், வளிச்செலவைக் காட்டும் அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருப்பதையும் உறுதிசெய்க. பொருந்தும் பகுதி பிளாத்திக்கு ஆதலால் திருகாணிகளை அளவோடு இறுக்குக. மின்னிணைப்பு ஒலியோடு பூட்டிக்கொள்ளும். பற்றரியை இணைத்து, இயந்திரத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு, பழைய குறிகளை அழித்துப் பின் ஓட்டிப் பார்க்க. இவ்வளவும் அரைமணி நேர வேலையே.

மறுநாள் விடியலில் அவர் உரமூடைகளோடு புறப்பட்டார். ரம்பொடையைக் கடந்ததும், “ஐயா, வண்டி ஏறிவிட்டது!” என்று தொலைபேசியிற் கூறினார். உணரியின் விலை, பம்புக்குக் கேட்ட தொகையிற் சிறு பங்கே. மகளின் பணம் மகளுக்கே நின்றது.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைவோம். அளப்பவன் பிழைத்தால் அறிவுள்ளவனின் கணக்கும் பிழைக்கும். அவ்வண்டியின் கணினி நன்றாகவே கணக்கிட்டது. ஆனால் அதற்குக் கிடைத்த எண் பொய். வகுப்பிலே பின்தங்கும் பிள்ளையை மந்தனென்று முடிவுகட்டுமுன், அவனுக்குக் கண் தெளிவாகத் தெரிகின்றதா, காலையில் உணவு கிடைத்ததா என்று வினவுதல் ஆசிரியராகிய நமக்கும் கடனாகும். பெரும் பழுதென்று அஞ்சுமுன் சிறு பழுதைத் தேடுக.